வெள்ளிப் பூச்சு ஈறைக் காக்காது

"மலைக்குப் போகிறவர்களால் அடிக்கடி பல் ஆஸ்பத்திரிக்கு வர முடியாது. கிருமியைக் கொல்லும் பூச்சு போட்ட இம்ப்ளான்ட் முதலில் அவர்களுக்குத்தான் கிடைக்க வேண்டும்." இந்த வாதத்தை எதிர்த்துப் பேசுகிறவர்கள் இன்று குறைவு. விற்க வருகிறவர்கள் சொல்கிறார்கள், நல்ல மனம் கொண்ட இளம் மருத்துவர்களும் நம்பிச் சொல்கிறார்கள். தொழிலாளி மேல் உள்ள அக்கறையில் பிறந்த பேச்சு என்பதால் மறுக்கவே தயக்கம் வருகிறது. ஆனாலும் மறுத்தாக வேண்டும். போடிநாயக்கனூரிலும் அதற்கு மேலே ஏலமலைச் சரிவிலும் உழைக்கிறவர்களின் வாயை வைத்துப் பார்த்தால் இது தலைகீழான வாதம். திரும்ப வர முடியாதவருக்குத்தான் அந்தப் பூச்சு மிகக் குறைவாக உதவும்.

யாருடைய வாயைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏலக்காய்க்குப் பேர்போன ஊர் போடி. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கேயும், கேரள எல்லைக்கு அப்பால் புற்றடியிலும் நடக்கிறது. செடி நிற்பது பெரும்பாலும் இடுக்கி மாவட்டத்து மண்ணில். அதில் காய் எடுக்கும் கைகள் போடியிலிருந்தும் தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்திலிருந்தும் ஏறிப் போகின்றன. விடியுமுன் ஜீப் கிளம்பிவிடும். போடிமெட்டு தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று பிரிந்து போவார்கள். ஏலத்தின் காய்ச்சரம் செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாக ஓடும். அதனால் நாள் முழுக்கக் குனிந்தும் குத்துக்காலிட்டும்தான் வேலை. மழைக் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை, பாக்கு, புகையிலை. நடுவில் சர்க்கரை தூக்கலான டீ. இருட்டிய பிறகு வீடு திரும்பி, சமைத்து, சாப்பிட்டுச் சாய்கிறவரிடம் "இரவிலும் பல் துலக்குங்கள்" என்று சொல்வது லேசு. டாக்டரைப் பார்க்க ஒரு நாள் எடுத்தால் அன்றைய கூலி போச்சு. கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கினால் ஆடி விழும்வரை அப்படியே விட்டுவிடுவது அலட்சியத்தால் அல்ல, வேறு வழி இல்லாததால்.

இவர்களில் ஒருவர் மாதக்கணக்கான கூலியைச் சேர்த்துக்கொண்டு இம்ப்ளான்ட் வைக்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாடை எலும்புக்குள் ஒரு டைட்டானியம் திருகு முடுக்கப்படும். எலும்பு அதைப் பற்றிக்கொள்ள இரண்டு மூன்று மாதம் ஆகும். பிறகு அதன் தலையில் அபட்மென்ட் என்னும் துண்டு, அதைப் பிடித்து நிறுத்த உள்ளே ஒரு சின்னத் திருகு, எல்லாவற்றுக்கும் மேலே பல் வடிவத்தில் கேப். இந்த அமைப்பைப் பின்னாளில் கெடுப்பது பெரும்பாலும் ஒரே நோய்தான். முதலில் சுற்றியுள்ள ஈறு சிவந்து ரத்தம் கசியும், அது மியூகோசைட்டிஸ். அழற்சி கீழே இறங்கி எலும்பைக் கரைக்கத் தொடங்கினால் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ். 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்களில் சராசரியாக 43 சதவீதம் பேருக்கு முதல் கட்டமும் 22 சதவீதம் பேருக்கு இரண்டாம் கட்டமும் இருப்பதாகக் கணக்கிட்டது. இது சிறிய எண்ணிக்கை அல்ல. பூச்சை ஆதரிப்பவர்களின் கவலை உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர்கள் சொல்வது இதுதான். நோய்க்குக் காரணம் பாக்டீரியா. பாக்டீரியா ஒட்டுவது உலோகத்தின் மேல். ஆகவே உலோகத்தின் மேலேயே பாக்டீரியாவைக் கொல்லும் ஒன்றைப் பூசிவிட்டால் ஆரம்பத்திலேயே கதை முடிந்துவிடும். வெள்ளி நானோ துகள், துத்தநாக ஆக்சைடு, செம்பு, குளோர்ஹெக்ஸிடின், கைட்டோசான், ஆன்டிபயாடிக், பாக்டீரியாவின் தோலைத் துளைக்கும் பெப்டைடுகள் என்று பூசிப் பார்க்காத பொருள் இல்லை. தமிழ்நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளிலிருந்தும் இலைச்சாறு, பட்டைச்சாறு கொண்டு வெள்ளித் துகள் செய்து சோதித்த கட்டுரைகள் நிறைய வருகின்றன. கண்ணாடித் தட்டில் 99 சதவீதக் கிருமி செத்தது என்று படம் காட்டுவார்கள். படம் பொய்யில்லை. அதிலிருந்து மனித வாய்க்குத் தாவுகிற தாவலைத்தான் நான் ஏற்கவில்லை.

இந்தத் தாவல் எவ்வளவு பெரியது என்று காட்ட வெளியூர்ச் சரக்கு எதுவும் வேண்டாம், போடியின் சரக்கே போதும். கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தில் ஏலக்காய்ச் சாற்றை ஈறுநோய்க் கிருமிகள் மேல் சோதித்தார்கள். 2020இல் முடிவு வெளியானது. போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ், ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் முதலிய கிருமிகளின் வளர்ச்சியை ஏலச்சாறு தடுத்தது, அழற்சியைத் தூண்டும் சுரப்புகளையும் குறைத்தது. இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்பைக் கரைக்கும் கூட்டத்திலும் இதே பெயர்கள் உண்டு. ஆய்வில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு, ஏலக்காய்க் குடோனில் நாள் முழுக்கத் தரம் பிரிக்கிறவர்களுக்கு ஈறுநோய் வராது என்று போடியில் யாராவது சொல்வார்களா? காயை மென்றுகொண்டே இருப்பவரின் ஈறிலும் ரத்தம் கசியும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஏலச்சாற்றுக்கு நாம் காட்டும் இந்த நிதானத்தை வெள்ளித் துகளுக்கும் காட்டினால் போதும், என் வாதத்தில் பாதி முடிந்துவிடும்.

தட்டில் இல்லாத எதெல்லாம் வாயில் இருக்கிறது? முதலில் எச்சில். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறும். உலோகத்தை வாயில் வைத்த சில நிமிடங்களுக்குள் எச்சிலின் புரதங்கள் அதன் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். பாக்டீரியா முதலில் வந்து ஒட்டுவது அந்தப் படலத்தில், கீழே இருக்கும் வெள்ளியில் அல்ல. முதலில் வருபவை தீங்கு குறைந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள். அவற்றின் மேல் மற்றவை ஏறும். கடைசியாக, காற்றில்லாத அடி ஆழத்தில் எலும்புக்கு எமனான கிருமிகள் குடியேறும். தொட்டால் கொல்லும் வகைப் பூச்சாக இருந்தால் முதல் வரிசைக் கிருமிகள் செத்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வரிசைக்கு அந்தப் பிணங்களே பாய்.

கசிந்து வெளியேறிக் கொல்லும் வகை என்றால் சிக்கல் வேறு. அதில் மருந்தின் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே வெளியேறிவிடும், மிச்சம் சில வாரங்களுக்குச் சொட்டும். ஒரு தலைமுடியின் தடிமனைவிட மெல்லிய பூச்சுக்குள் பத்து வருடத்துக்கான மருந்தை அடைத்து வைக்க முடியாது. நோயோ இம்ப்ளான்ட்டில் கேப் ஏறி, நோயாளி மென்று தின்னத் தொடங்கி, மாதங்களும் வருடங்களும் கழித்து வருவது. காவல்காரன் வேலையை விட்டுப் போன பிறகுதான் திருடனே வருகிறான்.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு வலுவான சான்றைக் காட்டும். எலும்பு மருத்துவத்தில் ஜென்டமைசின் பூசிய கம்பிகளைத் திறந்த கால் எலும்பு முறிவுக்குப் பயன்படுத்துகிறார்கள். புற்றுநோய்க்காக எலும்பை வெட்டியெடுத்து வைக்கும் பெரிய செயற்கை மூட்டுகளுக்கு ஐரோப்பாவில் வெள்ளி பூசுகிறார்கள். அங்கே பயன் உண்டு, நானும் ஒப்புக்கொள்கிறேன். காரணத்தைப் பார்க்க வேண்டும். தொடை எலும்புக்குள் வைத்த கம்பிக்கு மேலே சதையும் தோலும் மூடிவிடும். ஆபத்து அறுவையின்போதும் அதை ஒட்டிய நாட்களிலும்தான். பரப்பைப் பிடிக்க மனித உயிரணுவும் பாக்டீரியாவும் ஓடும் பந்தயம் என்று 1987இல் ஆய்வாளர் அந்தோணி கிரிஸ்டினா எழுதியது இந்த நிலைக்குச் சரியாகப் பொருந்துகிறது. பந்தயத்தின் முதல் சுற்றில் உடம்புக்குக் கைகொடுத்தால் ஜெயிக்கலாம். பல் இம்ப்ளான்ட் ஒருநாளும் மூடப்படாத காயம். எலும்பில் தொடங்கி, ஈறைத் துளைத்து, எச்சிலும் சோறும் புகையிலையும் புழங்கும் வெளிக்கு நீண்டு நிற்கிறது. அங்கே பந்தயம் முடிவதே இல்லை, தினமும் மூன்று வேளையும் புதிதாகத் தொடங்குகிறது.

அந்த முதல் சில நாள் ஆபத்து பல் இம்ப்ளான்ட்டிலும் இருக்கிறதே என்றால், இருக்கிறது. அதற்கு வழியும் ஏற்கெனவே இருக்கிறது. 2013இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி, அறுவைக்கு ஒரு மணி நேரம் முன்பு 2 அல்லது 3 கிராம் அமாக்ஸிசிலின் ஒரே வேளையாகக் கொடுத்தால், 25 பேருக்குக் கொடுப்பதில் ஒருவருடைய ஆரம்பத் தோல்வி தவிர்க்கப்படுகிறது. எந்த மெடிக்கலிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரை. அதோடு சுத்தமான கருவி, சுத்தமான கை. பூச்சு எந்தக் காலத்துக்குப் பயன்படுமோ அந்தக் காலத்தை மாத்திரையே பார்த்துக்கொள்கிறது. அதற்குப் பிந்தைய காலத்துக்குப் பூச்சு போய்ச் சேராது.

இனி பாகங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் பூச்சு வியாபாரம் இப்போது அபட்மென்ட், ஹீலிங் கேப், உள்திருகு என்று பாகங்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. இம்ப்ளான்ட்டுக்கும் அபட்மென்ட்டுக்கும் நடுவே எப்போதும் ஓர் இடுக்கு உண்டு. சில மைக்ரான் அகலம்தான். பாக்டீரியாவின் அளவு ஒரு மைக்ரானை ஒட்டியது என்பதால் அதற்கு அது வாசல். மென்று தின்னும் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அந்த இடுக்கு மெல்லத் திறந்து மூடி, உள்ளே கிடக்கும் திரவத்தை வெளியே ஈறை நோக்கித் தள்ளும். பல வருடம் ஆன அபட்மென்ட்டைக் கழற்றியவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். திருகின் மரைகளில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒன்று ஒட்டியிருக்கும். துடைத்த பஞ்சை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது. வெளிப்புறத்தில் பூசிய வெள்ளிக்கும் இந்தக் கிடங்குக்கும் சம்பந்தமே இல்லை. திருகின் மேலேயே பூசலாம் என்றால், 30, 35 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கு விசையில் முடுக்கும்போது மரையோடு மரை உரசிப் பூச்சு பெயரும். உராய்வு மாறினால் திருகின் பிடிமானமும் மாறும்.

இந்த இடுக்கைச் சின்னதாக வைத்திருக்கும் வழி தெரிந்ததே. இம்ப்ளான்ட் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியின் அபட்மென்ட், குறித்த விசையில் டார்க் ரென்ச் கொண்டு முடுக்குதல். பொருந்தும் என்று சொல்லி விற்கப்படும் மாற்றுப் பாகங்கள் பலவற்றில் இடுக்கு பெரிது. பாகத்தில் காசை மிச்சம்பிடித்துவிட்டுப் பூச்சில் காசைக் கொட்டுவது எந்த வகைக் கணக்கு?

இந்த நோய்க்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை. கேப்பை ஒட்டும் சிமென்ட் ஓரத்தில் பிதுங்கி ஈறுக்குள் இறங்கிக் கெட்டியாகிவிடும். 2009இல் டெக்சாஸைச் சேர்ந்த தாமஸ் வில்சன், நோய்க்குறி இருந்த 42 இம்ப்ளான்ட்டுகளை ஈறுக்குள் நுழையும் சிறு கேமராவால் பார்த்தார். 81 சதவீதத்தில் மிச்சச் சிமென்ட் கிடந்தது. அதை எடுத்துவிட்ட 33இல் 25 இம்ப்ளான்ட்டுகளில் ஒரு மாதத்துக்குள் நோய்க்குறிகள் மறைந்துவிட்டன. பூச்சு இல்லை, லேசர் இல்லை. கல்லாகிப்போன சிமென்ட் துணுக்கை எடுத்தார், ஈறு ஆறியது.

பூச்சு இல்லாத இம்ப்ளான்ட் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கும் சான்று உண்டு. சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனிமார்க் டைட்டானியம் எலும்போடு சேர்வதை 1950களில் முயல்களில் கண்டறிந்தார். 1965இல் கோத்தன்பர்க்கில் கோஸ்டா லார்சன் என்பவருக்கு முதல் இம்ப்ளான்ட்டுகளை வைத்தார். கடைசலில் இழைத்த வெறும் டைட்டானியம்தான். 2006இல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அவை வாயில் நின்று வேலை செய்தன. ஒரு மனிதரை வைத்து விதி எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பூச்சு இல்லாவிட்டால் இம்ப்ளான்ட் நிலைக்காது என்ற அச்சத்தைப் போக்க அந்த ஒருவர் போதும்.

அப்படியானால் எது நிலைக்க வைக்கிறது? இதில் ஆராய்ச்சி தெளிவாகவே பேசுகிறது. பிரேசிலில் மியூகோசைட்டிஸ் இருந்த 80 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து 2012இல் எழுதினார்கள். முறையாக வந்து சுத்தம் செய்துகொண்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு எலும்பு அரிப்பு வந்தது. வராமல் இருந்தவர்களில் 43.9 சதவீதம். 2017இல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து கூட்டிய உலகப் பட்டறை, பலமான சான்று உள்ள ஆபத்துக் காரணங்களாக மூன்றைச் சொன்னது: முன்பே கடுமையான ஈறுநோய் இருந்தது, பல்லில் படியும் கிருமிப் படலத்தைச் சரியாக நீக்காதது, ஒழுங்காகப் பராமரிப்புக்கு வராதது. புகையும் சர்க்கரை நோயும் இதில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்பதில் சான்று இன்னும் முழுமையாகவில்லை என்றும் நேர்மையாக எழுதினார்கள். பூச்சு இல்லாததை ஆபத்துக் காரணமாக யாரும் எழுதவில்லை.

இந்த மூன்றையும் ஏலமலைச் சரிவில் வைத்துப் பாருங்கள். பல்லை இழந்ததற்கே பெரும்பாலும் ஈறுநோய்தான் காரணம். துலக்க நேரமில்லை. திரும்ப வர வழியில்லை. மூன்றும் ஒரே ஆளிடம் குவிகின்றன. "வர முடியாதவர், ஆகவே பூச்சு" என்று சொல்லும்போது, மூன்று ஓட்டையும் திறந்தபடி இருக்க நான்காவதாக ஒரு ஜன்னலுக்குப் பூட்டு போடுகிறோம்.

பூச்சினால் கெடுதல் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்பார்கள். கெடுதல் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? இயற்கைப் பல்லைச் சுற்றி ஈறின் நார்கள் வேரில் செங்குத்தாகப் புதைந்து இறுகப் பிடித்திருக்கும். இம்ப்ளான்ட்டைச் சுற்றி அவை உலோகத்துக்கு இணையாக ஓடி, பிடிக்காமல் சுற்றி மட்டும் நிற்கும். அந்தத் தளர்ந்த கழுத்துப்பட்டிதான் எலும்புக்கு இருக்கும் ஒரே காப்பு. அதைக் கட்டுகிற நார் உயிரணுக்களுக்கு வெள்ளியும் குளோர்ஹெக்ஸிடினும் அளவு மீறினால் நஞ்சு. கிருமிக்குப் போதுமான அளவு, ஈறுக்குத் தாங்கும் அளவு, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறுகியது. நாளுக்கு நாள் கசிவு மாறும் ஒரு பூச்சு அந்த இடைவெளிக்குள்ளேயே நிற்கும் என்பதற்கு மனிதர்களிடம் நீண்ட காலம் பார்த்த சான்று வேண்டும்.

அடுத்தது கிருமியின் பழக்கம். 1975இல் அமெரிக்காவின் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் வெள்ளி நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மொனெல்லா கிருமி கண்டறியப்பட்டது. அந்தத் திறனைத் தரும் மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய வளையத்தில் இருந்தன. கொல்லப் போதாத அளவில் வாரக்கணக்காகச் சொட்டும் வெள்ளியோ ஆன்டிபயாடிக்கோ இப்படிப்பட்ட கிருமிகளுக்குப் பயிற்சிக்கூடம். சளிக்கே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிப் பழகிய நம் நாட்டில், பல்லிடுக்கிலும் அதை வாரக்கணக்கில் சொட்டவிட வேண்டுமா?

தமிழ்நாட்டில் பல் சிகிச்சையால் தொற்று வந்து மக்கள் செத்த ஒரு நிகழ்வை இந்த விவாதத்தில் யாருமே எடுப்பதில்லை. வாணியம்பாடியில் ஒரு பல் சிகிச்சையகத்துக்குப் போனவர்களில் பத்துப் பேருக்கு, மண்ணில் வாழும் பர்கோல்டெரியா சூடோமல்லை என்ற கிருமி மூளையைத் தாக்கியது. 2023இல் விசாரணை நடந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் மற்ற ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து எழுதிய அறிக்கை 2025இல் வெளிவந்தது. பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள். காயத்தைக் கழுவும் சலைன் பாட்டிலை அறுவைக் கருவியாலேயே திறந்து, பஞ்சால் அடைத்து வைத்து, மறுபடி மறுபடி அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு சலைன் பாட்டிலை ஒரு நோயாளியோடு தூக்கி எறிவதற்கு எத்தனை ரூபாய் ஆகியிருக்கும்? உலகத்தின் மிக நவீன வெள்ளிப் பூச்சும் அந்த எட்டுப் பேரில் ஒருவரைக்கூடக் காப்பாற்றியிருக்காது. பல் மருத்துவத்தில் கிருமியை எதிர்க்கும் செலவு எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்கும் ஒவ்வொருவரும் அந்தப் பாட்டிலிலிருந்து தொடங்க வேண்டும்.

"இரண்டையும் செய்வோம், பூச்சும் இருக்கட்டும் பராமரிப்பும் இருக்கட்டும்" என்பது கடைசிச் சமாதானம். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. நடப்பில், பணமும் கவனமும் அளவோடுதான் இருக்கின்றன. இதை ஏலத்தோட்டக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். மழைக்காலத்தில் ஏலத்தைப் பிடிக்கும் அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை அடிப்பார்கள். ஆனால் மழைக்கு முன்பே தூரில் கிடக்கும் சருகையும் நோய்பட்ட தட்டையையும் அப்புறப்படுத்தி, நிழல் மரத்துக் கிளையைக் கழித்து, தண்ணீர் வடிய வழி செய்யாமல் மருந்தை மட்டும் அடித்தவரின் தோட்டம் ஆடி மழையில் அழுகும். மருந்து அடித்தாகிவிட்டது என்ற நம்பிக்கையில் சருகு எடுப்பதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். பூச்சு போட்ட இம்ப்ளான்ட் வாங்கியவரும் அப்படித்தான் நம்புவார். அதை விற்றவரும், ஆறு மாதம் கழித்து ஏன் வரவில்லை என்று போன் செய்ய மறந்துபோவார்.

போடியில் என்ன செய்யலாம் என்பதற்குப் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. பூச்சுக்காகக் கூடுதலாக வாங்கும் தொகையை, சிகிச்சைக் கட்டணத்துக்குள்ளேயே ஐந்து வருடப் பராமரிப்பாக மாற்றிவிடலாம். வருடம் இரண்டு முறை, தனியாகப் பணம் கேட்காமல். அந்த முறைகளை ஜீப் ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் வைக்க வேண்டும், காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்களைத் தவிர்க்க வேண்டும். முதல் முறை வரும்போது முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்து, பல்லிடுக்குப் பிரஷ்ஷை அபட்மென்ட்டின் எந்தப் பக்கம் எப்படி நுழைப்பது என்று அவர் கையாலேயே செய்யவைக்க வேண்டும். ஈறு ஆழத்தை அளக்கும் குச்சியால் மென்மையாக ஆறு இடத்தில் தொட்டு, ரத்தம் கசிகிறதா என்று பார்த்து எழுதி வைப்பதற்குச் சில நிமிடம்தான் ஆகும். கசிந்தால் நோய் இன்னும் ஈறோடு நிற்கிறது, மீட்டுவிடலாம். எலும்புக்குப் போன பிறகு எந்த வைத்தியமும் அரைகுறைதான்.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறார்கள். 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரையும் ஈறுநோயும் ஒன்றையொன்று தூண்டுபவை. சர்க்கரை பார்க்க வருகிறவரே "துலக்கும்போது ரத்தம் வருதாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டு, ஆம் என்றால் போடி அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதலாம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் வரம்பில் தேயிலை, காப்பி, ரப்பரோடு ஏலமும் இருந்தது. தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்வது தோட்டத்தின் கடமை என்று அது சொன்னது. காலையில் எல்லை தாண்டிப் போய் மாலையில் திரும்பும் கூலியாளின் பல்லை எந்த மாநிலத்துக் கணக்கில் எழுதுவது என்பதில்தான் எல்லாம் நின்றுபோகிறது. பூச்சுக்குப் பேசும் அத்தனை பேரும் இந்த ஒரு கேள்விக்காகத் தேனியிலும் இடுக்கியிலும் பேசியிருந்தால் எவ்வளவோ பல் பிழைத்திருக்கும்.

கடைசியாக, எந்த விற்பனையாளரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். சிலருக்கு இம்ப்ளான்ட்டே வேண்டாம். ஈறுநோய் அடங்கவில்லை, புகையிலையை விட முடியவில்லை, இன்னும் சில வருடம் மலைக்குப் போயே ஆக வேண்டும், திரும்ப வருவது நிச்சயம் இல்லை என்றால், அவருக்குப் பூச்சுள்ளதும் பூச்சில்லாததும் ஒன்றுதான். பக்கத்துப் பற்கள் திடமாக இருந்தால் பிரிட்ஜ் கட்டலாம். கழற்றி மாட்டும் பல்செட்டை நன்றாகச் செய்து கொடுத்தால் அதில் எந்தக் குறையும் இல்லை, இரவில் கழற்றிக் குழாயடியில் கழுவி வைத்துவிடலாம். கீழ்த்தாடையில் ஒரு பல்கூட இல்லாதவருக்கு இரண்டே இம்ப்ளான்ட் வைத்து அதன் மேல் கழற்றக்கூடிய செட்டை மாட்டுவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் ஒருமித்துச் சொன்னார்கள். செட்டைக் கழற்றினால் இரண்டு உலோகக் குமிழ்கள் வெட்டவெளியில் தெரியும். களைத்துப்போய் வந்தவரும் விளக்கொளியில் ஒரு சாதாரண பிரஷ்ஷால் அவற்றைச் சுற்றித் துலக்கிவிட முடியும், அதற்கு யாரிடமும் சந்திப்பு நேரம் வாங்க வேண்டியதில்லை.